பச்சைத்தோல் மாப்பிள்ளையின் வலது கை

பதினோரு வருடம், நான்கு மாதம். இவ்வளவு காலமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றியது இது. ஒரு தொடக்கப்பள்ளியின் ஆசிரியர் அறையில், சுவரை ஒட்டி, சாய்மானம் இல்லாத மர பெஞ்சு ஒன்று கிடக்கிறது. அதே அறையில் எட்டு நாற்காலிகளும் இருக்கின்றன. நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு நாற்காலி, தற்காலிகமாக வந்தவர்களுக்கு பெஞ்சு. இப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

நான்காம் வகுப்பு டீச்சர் தற்காலிகமாக வந்தவர். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போக, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று இவரை அழைத்தார்கள். விடுப்பில் போனவர் திரும்பி வரவேயில்லை. அப்போது பிறந்த அந்தப் பிள்ளை வேறு ஏதோ பள்ளியில் ஐந்தாம் வகுப்பையும் முடித்திருக்கும். டீச்சர் மட்டும் இன்னும் அந்த மூன்று மாதத்திலேயே இருந்தார். பெஞ்சில் அவரோடு உட்கார்ந்த மூன்று பேர் ஒவ்வொருவராக எழுந்து நாற்காலிக்குப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும், "அடுத்து நீங்கதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

இதில் வேடிக்கை, டீச்சரின் கணவருக்குத் தொழிலே ஊராரை உட்கார வைப்பதுதான். சோபாக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கிழிந்த சோபாவை உரித்து, சட்டத்தைச் சரிசெய்து, குறுக்கே புது ரப்பர் பெல்ட் இழுத்து, ஸ்பாஞ்சு வைத்து, ரெக்சின் போர்த்தித் தருவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வாசற்படி ஏறினால் பசை வாடை, அடுத்து ஸ்பாஞ்சுத் தூள், அதற்கப்புறம்தான் வீடு. அந்த வீட்டுக்குச் சொந்தமாக ஒரு சோபா உண்டு. ஒன்பது வருடமாக அது வெறும் சட்டம். மேலே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். காரணம் கேட்டால் சோபாக்காரர் ஆர்டர் நோட்டைத் திறந்து காட்டுவார். வந்த வரிசையில்தான் வேலை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் யாராக இருந்தாலும் வரிசை வரிசைதான். வீட்டு சோபாவின் முறை எப்போது வந்தாலும், வெளியாள் ஒருவர் அவசரம் என்று நிற்பார். சொந்தச் சாமானை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் யார் கேட்கப் போகிறார்கள். டீச்சர் கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்.

தற்காலிக டீச்சர் நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு வழி இருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வருவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடத்தை முழுதாகப் பார்ப்பார். ஒரு தாளில் எழுதுவார். அந்தத் தாள்தான் தலையெழுத்து. ஒருவருக்கு மொத்தம் மூன்று முறை வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் பெஞ்சு நிரந்தரம்.

டீச்சர் இரண்டைத் தொலைத்திருந்தார். முதல் முறை செடி கொடிகள் பாடம். வேர் தண்ணீரை உறிஞ்சுவதைக் காட்டுவதற்காகத் தூக்கிய தொட்டி, அதிகாரியின் மடியில் எல்லாத் தண்ணீரையும் விட்டது. இரண்டாம் முறை எந்தத் தொட்டியையும் தொடக் கூடாது என்று, முப்பத்தைந்து நிமிடமும் வாயாலேயே நடத்தி முடித்தார். ஒரு சொல் பிசகவில்லை. மணி அடித்தபோது கடைசி வாக்கியமும் முடிந்தது. அந்தத் தாளில் அதிகாரி எழுதியது இது: "ஆசிரியை நன்றாகப் பேசினார். வகுப்பில் குழந்தைகள் இருந்தார்களா என்று தெரியவில்லை."

டீச்சர் பேசுவார், அதில் சந்தேகமே இல்லை. நிமிடத்துக்கு நிமிடம் பிரித்து எழுதி வைத்துக்கொண்டு பேசுவார். இத்தனையிலிருந்து இத்தனை வரை இது, இத்தனையிலிருந்து இத்தனை வரை அது. அதனால் பள்ளியில் அவருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். ஓடுகிற கடிகாரம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வார்.

மூன்றாவது கடிதம் வந்தது. வரும் மாதம் இரண்டாவது புதன்கிழமை, பத்து நாற்பதிலிருந்து பதினொன்று பதினைந்து வரை. பாடம்: நம் உடம்பைத் தாங்கும் எலும்பும் தசையும் தோலும்.

பள்ளியில் இதற்கென்று இருந்தது ஒரே ஒரு எலும்புக்கூட்டுப் படம். பல வருடம் மடித்து மடித்து வைத்ததில், சரியாக மடிப்பு விழும் இடத்தில் முழங்கால்கள் உதிர்ந்து போயிருந்தன. அதைப் பார்த்து வரைந்த பிள்ளைகளின் எலும்புக்கூடுகளுக்கும் முழங்கால் கிடையாது. தொடை எலும்பு முடிந்ததும் ஒரு வெள்ளைக் கோடு, பிறகு பாதம் வரைக்கும் ஒரே குச்சி. பல வருடமாக அந்தப் பள்ளியிலிருந்து முழங்கால் இல்லாமலேயே பிள்ளைகள் தேர்ச்சி பெற்றுப் போனார்கள்.

அன்று மாலை டீச்சர் வீடு திரும்பியபோது, கணவர் ஒரு பெரிய சோபாவை உரித்துக்கொண்டிருந்தார். ரெக்சின் ஒரு பக்கம், ஸ்பாஞ்சு ஒரு பக்கம், தொங்கிப்போன பெல்ட் ஒரு பக்கம், நடுவில் மரச்சட்டம். டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"என்னங்க, இது அப்படியே உடம்புங்க. கட்டை எலும்பு. பெல்ட்டு தசை. மேல ரெக்சின், அதுதான் தோல்."

"யாரோட உடம்புன்னு சொல்லுங்க டீச்சரம்மா. அதுக்குத் தக்கபடி ஸ்பாஞ்சு வெட்டணும்" என்றார் சோபாக்காரர், தலையை நிமிர்த்தாமல்.

வேறு நாளாக இருந்தால் இதற்கு அரைமணி நேரம் பதில் கிடைத்திருக்கும். அன்று காரியம் ஆகவேண்டியிருந்ததால் டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. தனக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். ஆள் உயரத்துக்கு, உட்கார்ந்த நிலையில், எலும்பு தெரிய, பெல்ட் தெரிய, மேலே தோலை ஜிப் வைத்துத் திறந்து மூட. முக்கியமாக, கை மடங்கி நிமிர வேண்டும். சோபாக்காரர் யோசித்தார். முடியும் என்றார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார். பெயர்: டீச்சர். பொருள்: மனுஷன், ஒண்ணு. வரிசை எண்: ஐந்து.

டீச்சர் நோட்டையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். முன்னால் நான்கு சோபாக்கள். கணக்குப் போட்டால் மனுஷனின் முறை, அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு வரும். சண்டை போட்டார், கெஞ்சினார், ஒரு வேளை பேசாமலும் இருந்து பார்த்தார். பேசாமல் இருந்ததில் அவருக்குத்தான் கஷ்டம். நோட்டு அசையவில்லை.

ஆனால் ஒத்திகைக்கு வரிசை எதுவும் கிடையாதே. மனுஷன் வரும்வரை கணவரையே வகுப்பாக்கினார் டீச்சர். சோபாக்காரர் பின் அடிக்கும் துப்பாக்கியைப் பிடித்தபடி வேலை செய்துகொண்டே பாடம் கேட்டார். பெரியவர்களுக்கு இருநூற்றாறு எலும்புகள் என்றதும், இத்தனை மூட்டு வைத்தால் ஆடாதா என்று கேட்டார். பிறந்த குழந்தைக்கு அதைவிட அதிகம், வளர வளரச் சில சேர்ந்து ஒன்றாகிவிடும் என்றதை மட்டும் நல்ல வேலை என்று ஒப்புக்கொண்டார். தோல் பாடம் வந்தபோதுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"கிழிஞ்சா தானா ஒட்டிக்குமா?"

"ஆமாங்க. சின்னக் காயம்னா தானா மூடிக்கும்."

"தையலே வேண்டாமா?"

"வேண்டாம்."

சோபாக்காரர் பக்கத்தில் கிடந்த ரெக்சின் துண்டைத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, அதை இன்னும் யாரும் ரெக்சினுக்குச் சொல்லித் தரலை" என்றார் கடைசியில்.

திங்கட்கிழமை மனுஷனின் முறை வந்தது. வந்துவிட்டால் சோபாக்காரர் கை சும்மா இருக்காது. சட்டப் பலகையில் கை கால், கதவுக் கீலில் முழங்கையும் முழங்காலும். முழங்கால் இரண்டும் இருக்கின்றனவா என்று டீச்சர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலைக்கு ஸ்பாஞ்சு உருண்டை, கண்ணுக்கு இரண்டு சோபா பட்டன். தோலுக்கு மட்டும் ஒரு சிக்கல். கையிருப்பில் ஆள் அளவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ரெக்சின், பல் டாக்டரின் காத்திருப்பு அறை சோபாவுக்கு வாங்கியது. பச்சை. நல்ல கிளிப்பச்சை.

செவ்வாய் மாலைக்குள் முடிந்தது. முன்னறையின் நடுவில், இருந்ததிலேயே நல்ல நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள். சோபாவுக்குப் பட்டன் தைத்துத் தரும் டீச்சரின் மாமியார் ஊசியும் கையுமாக வந்து ஏற இறங்கப் பார்த்தார். நடுவீட்டில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல், வருகிறவர் போகிறவரை எல்லாம் முறைத்துக்கொண்டிருக்கிறான், அசல் மாப்பிள்ளை என்றார். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர் சொன்னால் மறுத்துப் பேச யாருமில்லை. அப்படித்தான் மாப்பிள்ளை மாப்பிள்ளையானான்.

டீச்சர் வலது கையைச் சோதித்தார். மேற்கையின் முன்பக்கமாக ஒரு பெல்ட். அதன் நுனி தோளுக்குப் பின்னால் தொங்கியது. நுனியை இழுத்தால் முன்கை எழும்பியது. விட்டால் தன் கனத்தில் கீழே விழுந்தது. இழுத்தார், விட்டார். இழுத்தார், விட்டார். பத்து நாற்பத்தேழுக்கு இது, என்று தாளில் எழுதிக்கொண்டு திருப்தியோடு சமையலறைக்குப் போனார்.

சோபாக்காரருக்குத் திருப்தி இல்லை. தொளதொளவென்று ஒரு பெல்ட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. பெல்ட் தொங்கினால் சோபா தொங்கும், சோபா தொங்கினால் பெயர் தொங்கும் என்பது அவர் கொள்கை. புதன்கிழமை காலை, டீச்சர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்த பெல்ட்டைக் கழற்றினார். முதல் தரமான புது பெல்ட் ஒன்றை எடுத்து, ஆசனத்துக்கு இழுப்பதுபோலப் பல்லைக் கடித்து முழு விறைப்பில் இழுத்து, தோளிலும் முன்கையிலும் பதினாறு பின் அடித்தார். பிறகு பச்சைத் தோலைப் போர்த்தி ஜிப்பை மூடினார். கை கொஞ்சம் துள்ளியது. வண்டியில் போகும்போது யார் முகத்திலாவது படும் என்று, மணிக்கட்டைத் தொடையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். மனைவிக்குத் தெரியாமல் செய்த நல்ல காரியம் என்ற பெருமையில் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளை டெலிவரி வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து போனான். டீச்சர் பின்னால், ஸ்பாஞ்சுக் கட்டுகளுக்கு நடுவில் போனார்.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர். கடைசி பெஞ்சில் அதிகாரி. நல்ல உயரம். குழந்தைகளுக்கான பெஞ்சு என்பதால் அவருடைய முழங்கால்கள் மார்புக்கு நேராக நின்றன. அவற்றின்மேல் தாளை வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, தற்செயலாக நிற்பதுபோல, தலைமை ஆசிரியை நின்றார்.

டீச்சர் போர்வையை விலக்கியதும் முதல் கேள்வி மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. முன்பல் இரண்டு விழுந்த ஒரு பெண். வகுப்புக்கே அவள் பெயர் கேள்விக்குறி. அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பச்சையாக இருக்கிறாராம். இந்தக் கேள்விக்குத் தாளில் நிமிடம் ஒதுக்கியிருக்கவில்லை. டீச்சர் கேட்காததுபோல மேலே போனார்.

எலும்பு நன்றாகவே போயிற்று. ஜிப்பைத் திறந்து பலகையைத் தட்டிக் காட்டினார். இது இல்லாவிட்டால் நாமெல்லாம் தரையில் போட்ட போர்வை மாதிரி கிடப்போம் என்றார். பத்து நாற்பத்தேழு. தசை. மாப்பிள்ளையின் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

சட்டென்று எழும்பியது கை. டீச்சரின் கண்ணாடி மூக்கிலிருந்து பறந்து முதல் வரிசையில் ஒரு பையன் மடியில் விழுந்தது. மாப்பிள்ளையின் பச்சைக் கை வாயருகே போய், சாப்பிடப் போகிறவன் மாதிரி அங்கேயே நின்றது.

டீச்சர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "தசைகள் சுருங்கும்போது" என்று தொடங்கினார். கை மேலே போயிற்று. மறுபடி இறக்கினார். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தில் புன்னகையை வைத்துக்கொண்டு, வாக்கியத்தை முடித்துவிட்டுக் கையை விட்டார். மேலே. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியது மாப்பிள்ளையின் கை மட்டும்தான்.

அதிகாரி தாளில் ஏதோ எழுதினார். டீச்சர் அதைப் பார்த்தார். தொட்டித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. பெஞ்சு நினைவுக்கு வந்தது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் வரவில்லை. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அந்த வகுப்பில் டீச்சரின் குரல் இல்லாமல் அரை நிமிடம் போயிற்று.

சிரிப்பு தானாக அடங்கியது. கேள்விக்குறி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அவருக்குக் கையைத் தூக்கத்தான் ஆள் இருக்கு. இறக்க யாருமே இல்ல."

கண்ணாடியை மடியில் பிடித்த பையன், அந்த பெல்ட்டையே தள்ளச் சொல்லலாமே என்றான்.

"பெல்ட்டு எப்படிடா தள்ளும்? அதுக்கு இழுக்க மட்டும்தானே தெரியும்" என்றாள் கேள்விக்குறி.

டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே இருந்தது: தசை இழுக்கும், தள்ளாது. ஆகவே ஜோடி ஜோடியாக வேலை செய்யும். பத்து ஐம்பத்திரண்டுக்குச் சொல்லவேண்டிய ஒற்றை வரி. ஒத்திகையில் நான்கு தடவை சொல்லியிருந்தார். நான்கு தடவையும் சோபாக்காரர் தலையை ஆட்டியிருந்தார். சொன்னவரும் கேட்டவரும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் பெல்ட் போட்ட மனுஷனைச் செய்திருந்தார்கள்.

தாளை மடித்து மேசைமேல் வைத்தார். "அப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருடைய தாடைத் தசைகளுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகள் தங்கள் கைகளையே மடக்கிப் பார்த்தார்கள். மடக்கினால் முன்பக்கம் கல் மாதிரி ஆயிற்று. நீட்டி விறைத்தால் முன்பக்கம் தளர்ந்து, பின்பக்கம் கல் ஆயிற்று. பக்கத்திலிருப்பவன் கையையும் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து போய் அதிகாரியிடம் அனுமதி கேட்காமலேயே அவர் கையைப் பிடித்துப் பார்த்து, இங்கே ஒன்றுமே இல்லை என்று அறிவித்தான். ஜன்னலில் தலைமை ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னாலிருந்து இழுக்க ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று. மூலையில் கிடந்த, குதித்து விளையாடும் தாண்டுகயிறு வந்தது. ஒரு நுனியை மாப்பிள்ளையின் முன்கையில் பின்பக்கமாகக் கட்டி, முழங்கையைச் சுற்றித் தோள் வரை கொண்டுவந்து, நான்கு பிள்ளைகள் பிடித்து இழுத்தார்கள். கை இறங்கியது. வகுப்பு கைதட்டியது. விட்டார்கள், ஏறியது. கொஞ்சமாக இழுத்தார்கள், பாதியில் நின்றது. முன்னால் பெல்ட், பின்னால் கயிறு, இரண்டும் இழுத்துக்கொண்டிருக்க, பச்சைக் கை நடுவில் அசையாமல் நின்றது. அதில் ஒரு புத்தகத்தை வைத்தாள் கேள்விக்குறி. தாங்கியது.

இரண்டு பக்கமும் இழுபறி நடக்கும்போதுதான் அது ஒழுங்காக நிற்கிறது என்பதைப் பார்த்த டீச்சருக்கு, என்னவோ, தானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் ஆர்டர் நோட்டு ஞாபகம் வந்தது.

மணி பதினொன்று ஏழு. தோல் பாடத்தை இன்னும் தொடவேயில்லை. எட்டே நிமிடம். டீச்சர் மடித்த தாளை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் கயிறு பிடித்தவர்கள் உற்சாகத்தில் ஒரு பலமான இழுப்பு இழுக்க, டர்ர்ரென்று ஒரு சத்தம். மாப்பிள்ளையின் முழங்கையில் தையல் விட்டு, பச்சைத் தோல் பிளந்து, உள்ளிருந்து ஸ்பாஞ்சு எட்டிப் பார்த்தது.

எல்லோரும் எழுந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். கேள்விக்குறி மட்டும் தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீச்சர், எனக்கு ஏன் கிழியல? நானும்தானே மடக்குறேன்."

முப்பத்திரண்டு முழங்கைகளும் திரும்பின. நீட்டியபோது அங்கே தோல் சுருங்கிச் சுருங்கிக் கிடந்தது. மடக்கினால் சுருக்கம் காணாமல் போயிற்று. பிடித்துக் கிள்ளி இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பிப் போயிற்று. எங்கே மடங்குமோ அங்கே கொஞ்சம் கூடுதலாக விட்டு வைத்திருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். விரல் மூட்டில் பார்த்தார்கள், அங்கும் இருந்தது. போன வாரம் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட ஒருத்தி பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்து, காய்ந்து உதிரும் பொருக்கையும் கீழே வந்திருக்கும் இளஞ்சிவப்புப் புதுத்தோலையும் காட்டினாள். மாப்பிள்ளைக்கு இப்படி வளருமா என்று கேட்டார்கள். வளராது, அவரை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் தைக்க வேண்டும் என்றார் டீச்சர்.

மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அதிகாரி வாயைத் திறந்தார். எப்போதும் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பது அவர் வழக்கம். கண்ணாடியை மடியில் வாங்கிய பையனைச் சுட்டி, "இப்ப உன்னைத் தாங்கிக்கிட்டிருக்கிறது எது?" என்று கேட்டார்.

எலும்பு என்று சொல்லவேண்டும். அல்லது எலும்பு, தசை, தோல் மூன்றையும் சொல்லவேண்டும். டீச்சர் கண்ணாலேயே மூன்றையும் சொல்லிக் காட்டினார். பையன் நன்றாக யோசித்தான்.

"பெஞ்சு, சார்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முப்பத்தைந்து நிமிடம் மடங்கிக் கிடந்த முழங்கால்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது முயற்சியில் மூட்டில் ஒரு சத்தம் வந்தது, வகுப்பு முழுவதும் அதைக் கேட்டது. யாரும் சொல்லாமலே நான்கு பிள்ளைகள் போய், இரண்டு பேர் முன்னாலிருந்தும் இரண்டு பேர் பின்னாலிருந்தும் அவரை நிமிர்த்தி நிறுத்தினார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளையை இறக்கும்போது சோபாக்காரர் பாடம் எப்படிப் போனது என்று கேட்கவில்லை. முழங்கையைப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார்.

"தையல் விட்டுடுச்சா?"

இனி நாற்காலியா பெஞ்சா என்பதே தெரியாமல் நிற்கும்போது, இந்தக் கேள்விக்கு டீச்சர் தந்த பதில் வெகுநேரம் நீடித்தது. பதினாறு பின், கண்ணாடி, தாண்டுகயிறு, பெஞ்சு என்று சொன்ன பையன், எல்லாம் அதில் வந்தது. சோபாக்காரர் கடைசிவரை கேட்டார். சோபாவில் பெல்ட்டை ஒரு பக்கம்தான் இழுப்போம், எதிர்ப்பக்கம் அழுத்தத்தான் ஆள் வந்து உட்காருவார்களே என்று மட்டும் சொன்னார். அப்புறம் நோட்டை எடுத்து எழுதினார். பெயர்: டீச்சர். பொருள்: மனுஷன், வலது கை, பின்பக்க பெல்ட்டும் முழங்கைத் தையலும். வரிசை எண்: ஏழு.

அடுத்த ஆறு வாரம் டீச்சர் ஆசிரியர் அறையில் யார் கதவைத் திறந்தாலும் நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் ஒரு மாற்றம் தெரிந்தது. நடுநடுவே, "அப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். அந்த நேரங்களில் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வதைப் பிள்ளைகள் கவனித்து, இடைவேளையில் நடித்துக் காட்டினார்கள்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை தலைமை ஆசிரியை ஒரு உறையோடு வந்தார். உத்தரவு ஒரு பக்கம். அதிகாரியின் தாளின் நகல் இன்னொரு பக்கம். டீச்சர் உத்தரவை விட்டுவிட்டு நகலைத்தான் முதலில் படித்தார். "ஆசிரியை தேவையான இடத்தில் வாயை மூடிக்கொண்டார். குழந்தைகள் பேசினார்கள், கேட்டார்கள், கண்டுபிடித்தார்கள். நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன். கருவியின் வலது கையைச் சரிசெய்யவும்."

எழுத்துகள் கலங்கின. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அடிபட்டதிலிருந்தே கண்ணாடியின் ஒரு காது ஆட்டம் கண்டிருந்தது, அதைச் சரிப்படுத்துவதுபோல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அறையிலிருந்த எல்லோரும் சேர்ந்து, "உக்காருங்க டீச்சர்" என்று எட்டாவது நாற்காலியைக் காட்டினார்கள். ஓய்வு பெற்றுப்போன கைத்தொழில் ஆசிரியரின் நாற்காலி அது. வருடக்கணக்காக அதன்மேல் பழைய விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. எடுத்துப் பார்த்தால், அடியில் இருக்கை என்று ஒன்று இல்லை. நான்கு சட்டமும் ஒரு ஓட்டையும்தான்.

சாயங்காலம் டீச்சரை அழைத்துப்போக வந்த சோபாக்காரர் அந்த நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பினார். தன் வீட்டு டீச்சர் இதில் உட்காருவதா என்று கேட்டார். அறுந்து தொங்கிய பெல்ட் நுனியைப் பிடித்து, எந்தப் பயல் இதைப் போட்டான் என்றும் கேட்டார். டீச்சரைக் கேட்காமலேயே நாற்காலியைத் தூக்கி வண்டியில் போட்டார். வழி முழுவதும் டீச்சருக்கு அவர்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. வீட்டுக்கு வந்ததும் அவர் நோட்டை எடுத்தார்.

"என்னங்க, எனக்குமா?"

"வரிசைன்னா வரிசைதான் டீச்சரம்மா."

முன்னால் ஒன்பது சோபாக்கள் இருக்கின்றன. நாற்காலி அடுத்த மாதம் மூன்றாம் வாரம் கிடைக்கும். அதுவரை டீச்சர் பெஞ்சில்தான் உட்கார்ந்துகொள்கிறார்.